முதுகுவலிக்கு உடலுக்குள் பொருத்தும் மருந்து பம்ப்: முடிவெடுக்கும் நாள் முதல் பம்ப் மாற்றும் நாள் வரை

வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ளங்கை அளவில் வட்டமான ஒரு பம்ப் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் இடுப்பைச் சுற்றிப் போய், தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் திரவத்துக்குள் நுழையும். விழுங்கும் மாத்திரை உடல் முழுவதும் பரவி, கொஞ்சம்தான் தண்டுவடத்தை எட்டுகிறது. பம்ப் மருந்தை நேராக அங்கேயே சேர்க்கிறது. அதனால் வாயால் 300 மி.கி. மார்ஃபின் செய்வதைத் தண்டுவடத் திரவத்தில் 1 மி.கி. செய்யும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு.

அறுவை ஒரு நாளில் முடிந்துவிடும். புதிதாக வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும்தான்: ரீஃபில், அதாவது தீர்ந்த மருந்தை மறுபடி நிரப்புவது, யார் செய்வார் என்று கேட்காமல் பம்ப் வைத்துக்கொள்வது, பம்புக்கு முன் மருந்தைத் தந்து பார்க்கும் முன்சோதனையின்போது படுத்தே கிடப்பது, வலி கூடினால் டோஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது. ஆகவே வரிசை முக்கியம். உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வலி மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதற்கே இந்த வழிகாட்டி.

1. பம்ப் உங்களுக்கானதா?

பல மாதங்களாக நீடிக்கும் வலி, காரணம் தெளிவாகத் தெரிந்த வலி, உடற்பயிற்சி சிகிச்சை, நரம்பு மாத்திரைகள், ஊசிகள் எல்லாம் பார்த்தும் அடங்காத வலி. இவற்றுக்குத்தான் பம்ப். முதுகெலும்பு அறுவைக்குப் பிறகும் தொடரும் வலி இதில் அடிக்கடி வருவது. மாத்திரை வலியைக் குறைக்கிறது, ஆனால் தூக்கக் கலக்கமும் மலச்சிக்கலும் தாங்க முடியவில்லை என்பவருக்கு இது நன்றாகப் பொருந்தலாம். வலி காலுக்கு இறங்கி மின்னல்போல் வெட்டுகிறது என்றால், பம்புக்கு முன் தண்டுவடத்துக்கு மின்தூண்டல் தரும் கருவியைப் பற்றிக் கேளுங்கள். அதில் மருந்தே தேவையில்லை, ரீஃபிலும் இல்லை.

உடலில் தொற்று இருந்தாலோ, சரிசெய்ய முடியாத இரத்தக் கசிவுக் கோளாறு இருந்தாலோ, பம்பைத் தாங்கும் அளவுக்கு வயிற்றில் சதை இல்லை என்றாலோ வேண்டாம் என்பார்கள்.

எதிர்பார்ப்பை இப்போதே காகிதத்தில் எழுதுங்கள். "வலி போக வேண்டும்" என்று எழுதாதீர்கள். "20 நிமிடம் நின்று சமைக்க வேண்டும்", "ஐந்து மணி நேரம் விழிக்காமல் தூங்க வேண்டும்" என்று எழுதுங்கள். பம்ப் வலியை முழுதாக அழிப்பதில்லை. செயலை அளவுகோலாக வைத்தால்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று பிறகு சொல்ல முடியும்.

2. ரீஃபில் செய்யும் இடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள்

இதை அறுவைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. டோஸைப் பொறுத்து 1 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பம்பில் புது மருந்து நிரப்ப வேண்டும். தள்ளிப்போட முடியாத தேதி அது. தொட்டி வற்றினால் மருந்து சட்டென்று நிற்கும், உடல் அதற்குக் கடுமையாக எதிர்வினை காட்டும், பம்புக்கும் கேடு வரலாம்.

பம்ப் வைப்பவரிடம் கேட்க வேண்டியவை இவை. ரீஃபில் யார் செய்வார்? அவர் விடுப்பில் இருந்தால் யார்? இரவிலும் விடுமுறையிலும் எந்த எண்ணை அழைப்பது? வெளியிலிருந்து பம்பைப் படித்து டோஸை மாற்றும் புரோகிராமர் கருவி, என் பம்ப் மாடலுக்கானது, வேறு எந்த மையத்தில் இருக்கிறது? ஒரு மாடலின் புரோகிராமர் இன்னொரு நிறுவனத்தின் பம்போடு பேசாது. அதனால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

எந்த மருந்து என்பதையும் இப்போதே பேசுங்கள். வலிக்காகத் தண்டுவடத் திரவத்தில் செலுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தவை மார்ஃபினும் ஸைகோனோடைடும். நடைமுறையில் ஹைட்ரோமார்ஃபோன், ஃபென்டனில், புபிவகைன், குளோனிடின் போன்றவற்றையும் தனித்தோ கலந்தோ நிரப்புகிறார்கள். 2018 நவம்பரில் அந்த நிர்வாகம், ஒப்புதல் இல்லாத மருந்துகளை நிரப்பும்போது பம்ப் பழுது, டோஸ் பிழை உள்ளிட்ட ஆபத்துகள் இருப்பதாக எச்சரித்தது. இதனால் கலவை மருந்தே கூடாது என்று ஆகிவிடாது. ஆனால் அது உங்கள் பம்பில் ஏன் தேவை என்று மருத்துவர் விளக்க வேண்டும். எந்த மருந்தானாலும் பதப்படுத்தும் வேதிப்பொருள் கலக்காத வகையாக இருப்பது கட்டாயம். அந்தப் பொருள்கள் நரம்புத் திசுவைப் பாதிக்கக்கூடியவை.

3. முன்சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

மருந்துப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளுக்கு அடியில் கோடிடுங்கள். அவற்றோடு ஊசி போட்டால் தண்டுவடத்தை ஒட்டி இரத்தம் கட்டிக் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவர் தானாக நிறுத்தினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி, நிறுத்தும் நாளையும் தொடங்கும் நாளையும் எழுத்தில் தரட்டும்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். புகைப்பழக்கத்தை விட வேண்டும். சொத்தைப் பல், தோல் புண், சிறுநீர்த் தொற்று எதுவானாலும் முதலில் சரிசெய்யுங்கள். வேறெங்கோ இருக்கும் கிருமி பம்பில் போய் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பம்பையே எடுக்க வேண்டிவரும்.

குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்தால் மறைக்காதீர்கள். மார்ஃபின் வகை மருந்துகள் மூச்சை மெதுவாக்கும்.

மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது பலர் மனம் நோகிறார்கள். வலி கற்பனை என்று யாரும் சொல்லவில்லை. தீவிர மனச்சோர்வு இருந்தால் பம்பின் பலன் குறையும், அதற்கு முதலில் சிகிச்சை தரலாம். மேலும் ஸைகோனோடைட் மனக்குழப்பத்தையும் மாயத்தோற்றத்தையும் உண்டாக்கக்கூடியது. முன்பு மனப்பிறழ்வு இருந்தவருக்கு அதைத் தரவே கூடாது.

முதுகெலும்பு எம்ஆர்ஐ ஸ்கேன் பழையதாக இருந்தால் புதிதாக எடுத்துவிடுங்கள். நடுமுதுகும் அதில் வரட்டும், கதீட்டர் முனை அங்கேதான் நிற்கும். பின்னாளில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் படம் கையில் இருக்கும்.

4. முன்சோதனை

பம்ப் வைப்பதற்கு முன், அதே மருந்தை ஒரே ஊசியாகவோ, சில நாள் தற்காலிகக் கதீட்டர் வழியாகவோ தந்து பார்ப்பார்கள். மார்ஃபின் வகை என்றால் ஊசிக்குப் பிறகு ஓர் இரவு கண்காணிப்பில் வைப்பது வழக்கம். மூச்சுத் தளர்வு பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதே காரணம்.

இங்கே நடக்கும் தவறு, கட்டிலிலேயே கிடந்துவிட்டு "வலி இல்லை" என்பது. படுத்திருக்கும்போது வலிக்காத முதுகைச் சோதித்து என்ன பயன்? எது உங்களுக்கு வலியைக் கிளப்புமோ, அதை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் செய்து பாருங்கள். உட்காருங்கள், நில்லுங்கள், துணைக்கு ஒருவரோடு நடங்கள். மணிக்கு ஒருமுறை மூன்று எண்களைக் குறியுங்கள்: வலி 10-க்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, அரிப்பு, குமட்டல், சிறுநீர் போகச் சிரமம் போன்றவை எவ்வளவு.

வலி பாதியாவது குறைந்து, செயலும் கூடியிருந்தால் பொதுவாக வெற்றி என்று கொள்வார்கள். பம்ப் வேண்டும் என்ற ஆசையில் எண்ணைக் குறைத்துச் சொல்லாதீர்கள். முன்சோதனையில் பலன் இல்லை என்று தெரிந்தால், தேவையற்ற அறுவை ஒன்றிலிருந்து தப்பித்திருக்கிறீர்கள்.

5. பம்ப் எங்கே, எந்த அளவு?

அடிவயிற்றின் பக்கவாட்டில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் இடையே வைப்பது வழக்கம். இடத்தை நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது குறிக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் குறித்தால், எழுந்து உட்கார்ந்ததும் பம்ப் விலாவிலோ இடுப்பிலோ இடிக்கும். வழக்கமாக அணியும் உடையோடு போய், பெல்ட் அல்லது இடுப்புக் கட்டு வரும் கோட்டைக் காட்டுங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

20 மி.லி., 40 மி.லி. என்று இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. பெரியது வைத்தால் ரீஃபில் இடைவெளி நீளும், ஆனால் பருமன் கூடும். மெலிந்த உடலில் பெரிய பம்ப் தோலை உள்ளிருந்து அழுத்திப் புண்ணாக்கலாம். தோலிலிருந்து 2.5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் வைப்பார்கள். அதற்கும் கீழே போனால் ரீஃபில் ஊசி எட்டாது, புரோகிராமரின் சமிக்ஞையும் சரியாகக் கிடைக்காது.

6. அறுவை நாள்

ஒருக்களித்துப் படுக்கவைத்து, கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு இடையே ஊசி வழியாகக் கதீட்டரை உள்ளே விடுவார்கள். எக்ஸ்ரே பார்த்தபடியே முனையை மேலே நகர்த்தி, வலிக்குப் பொறுப்பான தண்டுவடப் பகுதிக்கு அருகில் நிறுத்துவார்கள். பிறகு தோலுக்கு அடியில் வயிறுவரை இழுத்துப் பம்போடு இணைப்பார்கள். வழக்கமாக 1 முதல் 3 மணி நேரம்.

வீடு திரும்பும் முன் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, பம்ப் மாடலும் வரிசை எண்ணும் உள்ள அடையாள அட்டை. இரண்டு, மருந்தின் பெயர், அடர்த்தி, நாள் டோஸ், அடுத்த ரீஃபில் தேதி உள்ள புரோகிராம் அறிக்கை. மூன்று, கதீட்டரின் நீளமும் முனை நிற்கும் இடமும். மூன்றாவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. உள்ளே வெட்டி இணைத்த நீளம் தெரிந்தால்தான் கதீட்டருக்குள் எத்தனை மி.லி. மருந்து நிற்கிறது என்று பின்னாளில் கணக்கிட முடியும்.

7. முதல் 8 வாரங்கள்

குனியாதீர்கள், முறுக்கித் திரும்பாதீர்கள், கனம் தூக்காதீர்கள், கையைத் தலைக்கு மேல் எட்டி நீட்டாதீர்கள். கதீட்டரைச் சுற்றி வடுத் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ள 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் இழுபட்டால் முனை திரவத்தை விட்டு வெளியே வந்துவிடும். வயிற்றுக் கட்டுப்பட்டை தந்தால் சொன்னபடி அணியுங்கள். பம்பைச் சுற்றி நீர் கோர்ப்பதை அது குறைக்கும்.

எழுந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் அடங்குகிறது என்றால் அது தண்டுவடத் திரவக் கசிவால் வரும் தலைவலி. பெரும்பாலும் ஓய்விலும் நீராகாரத்திலும் தணியும். தணியாவிட்டால் சிகிச்சை உண்டு, பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். காய்ச்சல், காயத்தில் சிவப்பு, கசிவு, கழுத்து விறைப்பு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பம்பைக் கையால் திருப்பி விளையாடும் பழக்கம் சிலருக்கு வந்துவிடும். பம்ப் புரண்டால் கதீட்டர் முறுக்கிக்கொள்ளும், ரீஃபில் வாய் உள்பக்கம் திரும்பிவிடும்.

8. டோஸ் சரிபார்த்தல்

குறைவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். சரியான அளவு பிடிபட வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே "பம்ப் வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். இந்தக் காலத்தில் பழைய மாத்திரைகளை மருத்துவர் தந்த அட்டவணைப்படி மட்டும் குறையுங்கள். பம்பும் ஓடி, பழைய மாத்திரையும் முழு அளவில் போய், தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம்.

அரிப்பு, குமட்டல், சிறுநீர் தங்குதல், வியர்வை, கால் வீக்கம் இவற்றைச் சொல்லுங்கள். பாலியல் நாட்டம் குறைதலும் மாதவிடாய் மாறுதலும் மார்ஃபின் வகை ஹார்மோனைக் குறைப்பதால் வருபவை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறவர்கள் பலர். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்.

9. ரீஃபில்

நாள் கணக்கை நீங்களே போடக் கற்றுக்கொள்ளுங்கள். 20 மி.லி. தொட்டி, மருந்தின் அடர்த்தி மி.லி.க்கு 10 மி.கி., நாள் டோஸ் 2 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.2 மி.லி. போகும். மருந்து குறைந்தால் ஒலிக்கும் அலாரத்துக்கு 2 மி.லி. ஒதுக்கினால் மீதி 18 மி.லி., அதாவது 90 நாள். ரீஃபில் தேதியை அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வையுங்கள். டோஸ் ஏறினால் இந்த நாளும் சுருங்கும். டோஸ் மாற்றிய பிறகும் பழைய தேதியையே நாட்காட்டியில் வைத்திருப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

ரீஃபில் அன்று பம்பின் நடுவில் இருக்கும் சிலிகான் வாய்க்குள், ரப்பரைத் துளைத்துத் துணுக்கு எடுக்காத தனி ஊசியைச் செலுத்துவார்கள். பழைய மருந்தை முழுவதும் வெளியே எடுத்து அளந்து, பிறகு புதியதை நிரப்புவார்கள்.

அந்த அளவை நீங்களும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கணக்கில் 60-ஆம் நாள் போனால் 12 மி.லி. செலவாகி 8 மி.லி. இருக்க வேண்டும். 14 மி.லி. வந்தால் பம்ப் நடுவில் நின்றிருக்கிறது, அல்லது பாதை அடைபட்டிருக்கிறது. 3 மி.லி. வந்தால் மருந்து கூடுதலாகப் போயிருக்கலாம், அல்லது சென்ற முறை நிரப்பியது தொட்டிக்குள் முழுதாகச் சேரவில்லை. சிறு வித்தியாசம் இயல்பு. பெரிய வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைக்காமல் எழுந்து வராதீர்கள்.

மிக ஆபத்தான பிழை, ஊசி தொட்டிக்குள் போகாமல் பம்பைச் சுற்றியுள்ள சதைக்குள் மருந்து இறங்குவது. சில மாதத்து மருந்து ஒரே நேரத்தில் உடலில் கலக்கும். இதைத் தடுக்கத்தான் நிரப்பும்போது இடையிடையே சிரிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுத்து, மருந்து திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஊசி போடும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ உணர்ந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். முடிந்ததும் உடனே கிளம்பாமல் சொன்ன நேரம்வரை உட்கார்ந்திருங்கள். அன்று வண்டி ஓட்ட வேறொருவர் வரட்டும்.

இன்னொரு பிழை அடர்த்தி மாற்றும்போது வரும். தொட்டியில் புது மருந்து வந்தாலும் கதீட்டரிலும் பம்பின் உள்குழாயிலும் பழையதுதான் நிற்கும். மி.லி.க்கு 20 மி.கி. இருந்ததை 10 மி.கி. ஆக்கினால், அதே 2 மி.கி. டோஸுக்காக ஓட்டம் 0.1 மி.லி.யிலிருந்து 0.2 மி.லி. ஆகும். குழாயில் நிற்கும் 20 மி.கி. மருந்து அந்த வேகத்தில் போனால் நாளைக்கு 4 மி.கி., அதாவது இரட்டை டோஸ். நிற்பது அரை மி.லி. என்றால் இரண்டரை நாள் இப்படியே ஓடும். இதைச் சரிக்கட்டப் புரோகிராமரில் பாலம் போன்ற ஒரு தனி ஏற்பாடு உண்டு. அடர்த்தி மாறும் நாளில் "குழாயில் நிற்கும் பழைய மருந்துக்குக் கணக்கு போட்டீர்களா?" என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

10. அடங்கிய வலி திரும்பினால்

டோஸை ஏற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். வரிசை இது.

முதலில் புரோகிராமரால் பம்பைப் படிப்பது: மோட்டார் நின்றதா, அலாரம் பதிவானதா, பேட்டரி எப்படி. அடுத்து தொட்டியில் இருப்பதை அளப்பது. அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பது பிழை. கதீட்டர் நடுவில் கிழிந்தோ கழன்றோ இருந்தாலும் பம்ப் தன் கணக்குப்படி மருந்தைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். மருந்து தண்டுவடத்துக்குப் போகாமல் தோலுக்கு அடியில் வடியும்.

எனவே மூன்றாவதாக எக்ஸ்ரே எடுத்துக் கதீட்டரின் பாதையைப் பார்ப்பார்கள். தேவையானால் பம்பின் பக்கவாட்டு வாயில் சாயம் செலுத்திப் பார்ப்பார்கள். சாயத்துக்கு முன் கதீட்டரில் நிற்கும் மருந்தை உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சாயம் அந்த மருந்தை ஒரே தள்ளில் தண்டுவடத்துக்குள் விட்டுவிடும். உறிஞ்ச வரவில்லை என்றால் சாயமும் செலுத்தக் கூடாது.

கதீட்டர் முனையில் அழற்சிக் கட்டி வளர்வதும் ஒரு காரணம். அதிக டோஸிலும் அதிக அடர்த்தியிலும் மார்ஃபின் போன்றவை போகும்போது இதன் வாய்ப்பு கூடுகிறது. டோஸ் ஏற்ற ஏற்றப் பலன் குறைவது, நடுமுதுகில் புது வலி, காலில் மரப்பு அல்லது தளர்ச்சி, சிறுநீர், மலக் கட்டுப்பாடு போவது இதன் அடையாளங்கள். உடனே எம்ஆர்ஐ தேவை. கட்டி தண்டுவடத்தை அழுத்தினால் நடக்க முடியாமல் போகும்.

11. எப்போது ஓட வேண்டும்

எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி: டோஸ் மிகுதி. அவசர ஊர்தியை அழையுங்கள். மார்ஃபின் வகையை முறிக்கும் மருந்தான நலோக்சோன் வீட்டில் இருந்தால் கொடுங்கள். அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், எனவே விழித்துவிட்டார் என்று மருத்துவமனையைத் தவிர்க்கக் கூடாது.

கொட்டாவி, வியர்வை, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, படபடப்பு: மருந்து நின்றிருக்கலாம். கலவையில் குளோனிடின் இருந்தால் இரத்த அழுத்தம் எகிறும். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் இருந்தால் அரிப்பில் தொடங்கி, கடும் காய்ச்சல், தசை விறைப்பு என்று உயிருக்கே ஆபத்தாகும். உங்கள் பம்பில் என்ன இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவராவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். பம்ப் அலாரம் கேட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அப்போதே மையத்தை அழையுங்கள்.

12. எம்ஆர்ஐ, வெப்பம், நீர், பயணம்

எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் மாடல் பெயரைச் சொல்லுங்கள். சிங்க்ரோமெட் 2 பம்பில் காந்தப் புலத்துக்குள் மோட்டார் நின்று, வெளியே வந்ததும் தானே ஓடத் தொடங்கும். ஓடுகிறதா என்று புரோகிராமரால் உறுதிசெய்த பிறகே வீட்டுக்குப் போக வேண்டும். வால்வு வகையான ப்ரோமெட்ராவில் ஸ்கேனுக்கு முன்பே தொட்டியைக் காலிசெய்யச் சொல்வார்கள்.

பிசியோதெரபியில் தரும் டயதெர்மி அலை வெப்பம் கூடவே கூடாது. 39 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெந்நீர்த் தொட்டியும் நீராவி அறையும் வேண்டாம், பம்பின் மேல் ஒத்தடப் பையும் வேண்டாம். நீச்சல் சரி, 10 மீட்டருக்குக் கீழே முக்குளிப்பது வேண்டாம். பயணத்தில் அடையாள அட்டை கைப்பையில் இருக்கட்டும். ஊர் திரும்பும் நாள் ரீஃபில் தேதியைத் தாண்டினால் கிளம்பும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

13. பம்ப் மாற்றும் நாள்

பேட்டரியை ரீசார்ஜ் செய்ய முடியாது. ஓட்டத்தைப் பொறுத்து ஏறக்குறைய 4 முதல் 7 ஆண்டுகளில் பம்பையே மாற்ற வேண்டும். கதீட்டர் நன்றாக இருந்தால் அப்படியே விட்டு, பம்பை மட்டும் மாற்றுவார்கள். எத்தனை மாதம் மிச்சம் என்பது ஒவ்வொரு ரீஃபில் அறிக்கையிலும் வரும். மிச்சம் ஓராண்டுக்குள் வரும்போதே தேதி பேசுங்கள், செலவுக்கான ஒப்புதலுக்கும் பரிசோதனைகளுக்கும் நேரம் பிடிக்கும். முதல் முறை இடம் உறுத்தியிருந்தால் வேறிடத்தில் வைக்கச் சொல்ல இதுவே வாய்ப்பு.

குடும்பத்தாரிடம் ஒன்றை எழுதிக் கொடுத்து வையுங்கள். பேசக் கனமான விஷயம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இறப்புக்குப் பின் தகனம் செய்வதாக இருந்தால் பம்பை உடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எரியும் வெப்பத்தில் அது வெடிக்கக்கூடியது.